கடின உலோகங்களில் நுண் வேலைப்பாடு: மீயொலி அதிர்வின் பயனும் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் வாய்ப்பும்

ஒரு வட்டாரத்தின் தொழில் வளர்ச்சியை மதிப்பிடும்போது, அங்கு எழுந்துள்ள தொழிற்சாலைகளின் எண்ணிக்கையை மட்டும் கருதுவது போதாது. அத்தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் பண்டங்களின் மதிப்பில் எவ்வளவு பங்கு அவ்வட்டாரத்து மக்களின் உழைப்பாலும் திறனாலும் சேர்ந்தது என்பதையும் காண வேண்டும். வெளியிலிருந்து வந்த உறுப்புகளை ஒன்று சேர்த்து அனுப்பும் ஊர் கூலியைப் பெறுகிறது. அவ்வுறுப்புகளையே செய்து தரும் ஊர் கூலியோடு தொழில்நுட்ப அறிவையும் பெறுகிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் ஆராயத்தக்க ஒரு பகுதி ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் உள்ள திருப்பதி, சித்தூர் வட்டாரமாகும். 1911ஆம் ஆண்டில் உருவான பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் நடந்த மறுசீரமைப்பில் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வெல்லம், மாம்பழக்கூழ், கருங்கல், கோயில் யாத்திரை ஆகியவற்றால் அறியப்பட்ட இப்பகுதியில், கடந்த நாற்பது ஆண்டுகளில் மின்கலம், மின்னணுச் சாதனம், வாகனம், குளிர்சாதனம் போன்ற தொழில்கள் வேரூன்றியுள்ளன. இவற்றை அடுத்து இங்கு வளரத்தக்க தொழில்களில் ஒன்று நுண் பொறியியல். அதில் ஒரு சிறு பிரிவாகிய, மீயொலி அதிர்வின் துணைகொண்டு கடின உலோகங்களை நுண்ணளவில் வெட்டும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறை இவ்வட்டாரத்துச் சிறு பட்டறைகளுக்கு எந்த அளவுக்கு, எந்த நிபந்தனைகளின் பேரில் உதவும் என்பதையும் ஆராய்கிறது.

நுண் மில்லிங் என்பது யாது?

லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழல்கிறது; கருவி நிலையாக நின்று சீவுகிறது. மில்லிங் இயந்திரத்தில் இதற்கு மாறாகப் பற்களையுடைய கருவி சுழன்று, மேசைமீது பிடிக்கப்பட்ட பொருளை வெட்டுகிறது. பட்டறைகளில் கட்டர் என்று வழங்கப்படும் இக்கருவியின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அமையும்போது அவ்வேலையைப் பொதுவாக நுண் மில்லிங் என்பர். எலும்பு முறிவுக்குப் பொருத்தப்படும் சிறு தகடுகள், பல் மருத்துவத்தில் பயன்படும் உறுப்புகள், எரிபொருளைத் தெளிக்கும் நுண் வழிகள், மின்னணு இணைப்பிகளை வார்க்கும் அச்சுகள் ஆகியவற்றில் இவ்வேலைக்கு இடமுண்டு.

பெரிய கட்டரைச் சிறிதாக்கினால் நுண் மில்லிங் ஆகிவிடும் என எண்ணுவது தவறாகும். கட்டரின் விட்டம் குறைவது போல அதன் வெட்டுமுனையின் கூர்மை கூடுவதில்லை. டங்ஸ்டன் கார்பைடால் ஆன நுண் கட்டரின் முனையும் பெருக்கிக் காட்டினால் மழுங்கிய வளைவாகவே தோன்றும். அவ்வளைவின் ஆரம் ஓரிரு மைக்ரான் முதல் சில மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நுண் மில்லிங்கில் ஒரு பல் ஒரு முறை கடக்கும்போது எடுக்கும் தடிமனும் ஏறத்தாழ இதே அளவினதே. எடுக்கவேண்டிய தடிமன் முனையின் ஆரத்தில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கிற்குக் கீழ் செல்லுமானால் உலோகம் சீவலாகப் பிரிவதில்லை. மழுங்கிய கத்தி தக்காளியின் தோலை அறுக்காமல் நசுக்குவது போல, முனை உலோகத்தை அழுத்தி உழுது செல்கிறது. அழுத்தப்பட்ட உலோகம் ஓரங்களில் பிசிறாகப் பிதுங்குகிறது, கட்டர் வளைகிறது, சற்று நேரத்தில் ஒடிந்தும் போகிறது. பெரிய வேலைகளில் பிசிறை அரத்தால் தேய்த்து நீக்கிவிடலாம். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் அரம் நுழையாது. ஆகவே நுண் வேலையில் பிசிறு என்பது அழகுக் குறை மட்டுமன்று. பொருளையே கழித்துவிடத்தக்க குறையாகும்.

அடங்காத உலோகங்கள்

அலுமினியம், பித்தளை போன்றவை நுண் கட்டருக்கும் ஓரளவு இணங்குகின்றன. டைட்டானியக் கலப்புலோகம், நிக்கல் அடிப்படையிலான உயர்வெப்பக் கலப்புலோகம், கோபால்ட் குரோமியம், கடினமாக்கப்பட்ட அச்சு எஃகு ஆகியவை அவ்வாறு இணங்குவதில்லை.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம். மருத்துவத்திலும் விண்வெளியிலும் மிகுதியாகப் பயன்படும் டைட்டானியக் கலப்புலோகத்தில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்துள்ளன. சாதாரண எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கையே இது கடத்துகிறது. வெட்டுமிடத்தில் பிறக்கும் வெப்பம் சீவலோடு விலகாமல் கட்டரின் முனையிலேயே தேங்குகிறது. இரண்டாவது ஒட்டும் தன்மை. சூடேறிய டைட்டானியம் கருவிப் பொருளோடு எளிதில் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது முனையையும் பெயர்த்துச் செல்கிறது. மூன்றாவது நெகிழ்ச்சி. டைட்டானியத்தின் மீள்விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ பாதியே. ஆதலால் மெல்லிய சுவர்கள் கட்டருக்கு முன் விலகி, அது கடந்தபின் பழைய நிலைக்கு மீள்கின்றன. நிக்கல் கலப்புலோகத்திலோ, வெட்டப்பட்ட மேற்பரப்பே முன்னிலும் கடினமாகி அடுத்த பல்லை எதிர்க்கிறது.

இத்தகைய உலோகங்களை வசப்படுத்துவதன் பொருளாதார மதிப்பு சிறிதன்று. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இதன் சட்டகம் கோபால்ட் அடிப்படையிலான கடினக் கலப்புலோகத்தால் ஆனது. முந்தைய மாதிரிகள் சோதனையில் வெற்றி பெறாத நிலையில், பற்றவைப்பு இல்லாமல் ஒரே கட்டியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சட்டகம் நிலைத்து நின்றது. இறக்குமதி வால்வை வாங்க இயலாத பல்லாயிரம் பேருக்கு அது வாழ்வளித்தது. கடின உலோகத்தைத் துல்லியமாக வெட்டும் திறனுக்கும் ஏழை நோயாளியின் சிகிச்சைச் செலவுக்கும் உள்ள தொடர்பை இவ்வொரு சான்றே உணர்த்தும்.

அதிர்வு செய்யும் உதவி

கல்தச்சர் உளியைக் கல்லின்மீது வைத்து இடைவிடாமல் அழுத்துவதில்லை. சிறு சிறு அடிகளாகக் கொடுத்தே கல்லைப் பிளக்கிறார். கருவி பொருளைத் தொட்டும் விட்டும் இயங்கினால் குறைந்த விசையில் வேலை நடக்கும் என்பது பழைய அனுபவ அறிவு. அதையே வினாடிக்கு இருபதாயிரம் முறை, சில மைக்ரான் வீச்சில் செய்வதுதான் மீயொலி அதிர்வு முறையின் சாரம். மனிதச் செவி உணரும் மேல்வரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்டவை மீயொலி எனப்படும்.

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களின் பண்பை 1880இல் பிரான்சு நாட்டின் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மின்னழுத்தம் தந்தால் அப்படிகம் நீண்டு சுருங்கும். முதல் உலகப் போரின்போது பால் லாஞ்செவின் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய இப்பண்பைப் பயன்படுத்தினார். உலோகம் வெட்டுவதில் அதிர்வைப் புகுத்தும் ஆராய்ச்சியை ஜப்பானின் உட்சுனோமியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுனிச்சிரோ குமாபே விரிவாக மேற்கொண்டார். 1990களில் கோபே பல்கலைக்கழகத்தின் ஷமோட்டோ, மோரிவாக்கி ஆகியோர் கருவிமுனையை நீள்வட்டப் பாதையில் அதிரச் செய்யும் முறையை உருவாக்கினர். எஃகை வெட்டினால் வைரமுனை விரைவில் தேய்ந்துவிடும் என்ற தடையை அம்முறை பெரிதும் தளர்த்தி, அச்சு எஃகில் கண்ணாடி போன்ற பரப்பைப் பெற வழிவகுத்தது.

அதிர்வினால் கிடைக்கும் நன்மைகளை நான்காகத் தொகுக்கலாம். கட்டர் பொருளைத் தொட்டு விலகுவதால் வெட்டுவிசையின் சராசரி குறைகிறது. விலகும் கணத்தில் குளிர்விக்கும் எண்ணெய் முனைக்குள் புகுந்து வெப்பத்தைத் தணிக்கிறது. நீண்டு சுருளும் சீவல் துண்டு துண்டாக உடைந்து, பள்ளத்திலிருந்து எளிதில் வெளியேறுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் முனை விரைந்து பாய்வதாலும், அது எடுக்கும் தடிமன் கணத்திற்குக் கணம் கூடுவதாலும், உழுதல் குறைந்து சீவுதல் மிகுகிறது. பிசிறும் அதற்கேற்பக் குறைகிறது.

இரண்டு சிறு கணக்குகள்

இந்நன்மைகள் எல்லா நிலையிலும் தாமாகவே கிட்டுவன அல்ல. மாணவர்கள் மனத்தில் கொள்ளத்தக்க இரண்டு கணக்குகள் இதை விளக்கும்.

முதலாவது வேகக் கணக்கு. கட்டர் பொருளைவிட்டு விலக வேண்டுமானால், அதிர்வின் உச்ச வேகம் வெட்டு வேகத்தைவிட மிகுந்திருக்க வேண்டும். வீச்சு 5 மைக்ரான், அதிர்வெண் வினாடிக்கு 20,000 எனக் கொள்வோம். இவ்விரண்டின் பெருக்கலை 6.28ஆல் பெருக்கினால் அதிர்வின் உச்ச வேகம் கிடைக்கும். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 37.7 மீட்டர் ஆகிறது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டர் நிமிடத்திற்கு 20,000 சுற்றுகள் சுழன்றால் அதன் விளிம்பு வேகம் நிமிடத்திற்கு 31.4 மீட்டர். இது 37.7ஐவிடக் குறைவாதலால் விலகல் நிகழக்கூடும். அதே கட்டரை 60,000 சுற்றுகளில் ஓட்டினால் விளிம்பு வேகம் 94 மீட்டரைத் தாண்டும். அந்த அதிர்வு இந்த வகையில் கட்டரை விலக்காது. கட்டர் சுழலச் சுழல வெட்டும் திசை மாறுகிறது. ஒரே திசையில் அமைந்த அதிர்வு சுற்றின் ஒரு பகுதியில் மட்டுமே வெட்டும் திசையோடு இசைகிறது. இரு திசை அதிர்வை வல்லுநர்கள் நாடுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது இசைவுக் கணக்கு. நிமிடத்திற்கு 20,000 சுற்றுகள் என்றால் ஒரு சுற்றுக்குள் 60 அதிர்வுகள் அடங்கும். இரண்டு பற்களுள்ள கட்டரில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 30 அதிர்வுகள். இது முழு எண்ணாதலால், அடுத்து வரும் பல் முந்தைய பல் விட்டுச்சென்ற அலையின்மீதே ஏறக்குறைய அப்படியே செல்கிறது, சீவல் உடைவதில்லை. சுற்று வேகத்தை 19,672ஆகக் குறைத்தால் ஒரு சுற்றுக்கு 61 அதிர்வுகள், ஒரு பல்லுக்கு முப்பதரை. இப்போது ஒரு பல்லின் மேடும் மற்றதன் பள்ளமும் எதிரெதிராக அமைகின்றன. அதிர்வு கட்டர் முன்னேறும் திசையில் இருக்குமானால் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சீவல் துணுக்குகளாகிறது. இரண்டு வேகங்களுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு சதவீதத்திற்கும் குறைவே. விலையுயர்ந்த கருவியை வாங்கிப் பொருத்திவிட்டு வேகத்தைப் பழக்கத்தின்படி வைத்துக்கொள்ளும் பட்டறையில் பயன் தெரியாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இங்குப் பொருளீட்டித் தருவது கருவி மட்டுமன்று, கணக்கிடத் தெரிந்த தொழிலாளியுமாவார்.

கருவியின் அமைப்பும் அதன் வரம்பும்

மீயொலித் தொகுதியில் மூன்று உறுப்புகள் உண்டு. மின்னோட்டத்தை உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றும் மின்னாக்கி ஒன்று. மின்னலைவை இயந்திர அசைவாக்கும் பீசோ பீங்கான் வில்லைகள் அடங்கிய ஆற்றல் மாற்றி இரண்டாவது. அவ்வசைவைப் பெருக்கி முனைக்குக் கொண்டுசெல்லும் கொம்பு எனப்படும் உலோகத் தண்டு மூன்றாவது. மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிர வேண்டும்.

இவற்றை நம் நாட்டுத் தொழிலாளர் அறியாதவர்கள் அல்லர். பிளாஸ்டிக் உறைகளை ஒட்டும் மீயொலிப் பற்றவைப்பு இயந்திரத்திலும், நகைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் தூய்மை செய்யும் தொட்டியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த உறுப்புகளே உள்ளன. மின்னணுத் தொழிற்சாலைகள் உள்ள ஊரில் இவற்றைப் பழுதுபார்க்கும் கைகளைத் தேடிக் காண்பது அரிதன்று. ஆயினும் பற்றவைப்பு ஓரிரு வினாடிகளில் முடிகிறது. மில்லிங்கோ மணிக்கணக்கில் நீள்கிறது. தொடர்ந்து இயங்கும்போது வில்லைகள் சூடேறி ஒத்ததிர்வு விலகும். ஆதலால் அதிர்வெண்ணைத் தானே தொடர்ந்து திருத்திக்கொள்ளும் மின்னாக்கி இன்றியமையாததாகிறது.

அதிர்வை இரு வழிகளில் அளிக்கலாம். சுழலும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே ஆற்றல் மாற்றியை அமைப்பது ஒரு வழி. சுழலும் உறுப்புக்கு மின்சாரம் செலுத்த வேண்டியிருப்பதால் இதன் விலை மிகுதி. கட்டரை மாற்றுந்தோறும் ஒத்ததிர்வும் மாறுகிறது. வேலைப்பொருளைத் தாங்கும் சிறு மேசையை அதிரச் செய்வது மற்றொரு வழி. நுண் வேலையில் பொருள் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் எடையுடையது. எனவே இவ்வழி இயலக்கூடியது. இருக்கும் மில்லிங் இயந்திரத்தை மாற்றாமல் அதன்மீதே இம்மேசையைப் பொருத்தலாம் என்பது சிறு பட்டறைகளுக்கு மிக முக்கியமான செய்தி. பொருளின் எடை கூடினால் வீச்சு குறையும் என்பது இதன் வரம்பு.

வேறு சில வரம்புகளும் உண்டு. இடைவிடாத தட்டலால் கார்பைடு முனையில் நுண்சில்லுகள் தெறிக்கலாம். வீச்சு அளவு மீறினால் நன்மை தீமையாகிறது. அதிர்வு பரப்பில் நுண் குழிகளை விட்டுச் செல்கிறது. எண்ணெய் தங்க வேண்டிய உராய்வுப் பரப்பில் அது பயனளிக்கலாம். ஒளி பிரதிபலிக்க வேண்டிய பரப்பில் அது குறையாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஸ்பிண்டில் தள்ளாட்டத்தோடு சுழலும் பழைய இயந்திரத்தில் அதிர்வைச் சேர்ப்பதால் பயனில்லை. கட்டர் மையத்திலிருந்து 5 மைக்ரான் விலகிச் சுழன்றால் ஒரு பல் முழுச் சுமையையும் ஏற்க, மற்றது காற்றை வெட்டும்.

வட்டாரத்தின் தேவை

இனி இவ்வட்டாரத்தின் நிலையைக் காண்போம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், சத்தியவேடு, வரதையபாளையம் பகுதிகளில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் அமைந்துள்ளது. ரேணிகுண்டா, ஏர்ப்பேடு பகுதிகளில் மின்னணு உற்பத்தித் தொகுதிகள் உருவாகியுள்ளன. 1985இல் தொடங்கிய அமர ராஜா குழுமத்தின் மின்கலத் தொழில் திருப்பதிக்கருகில் கரக்கம்பாடியிலும் சித்தூர்ப் பகுதியிலும் பரவியுள்ளது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட்டை ஏவிய ஸ்ரீஹரிகோட்டா, 2022க்குப் பின் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. திருப்பதி நகரில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையமும், எலும்பு மூட்டுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பர்ட் மருத்துவமனையும் உள்ளன.

இவை யாவும் நுண் உறுப்புகளின் நுகர்வோர். மின்னணுத் தொழிலுக்கு அச்சுகள் தேவை; மருத்துவமனைகளுக்கு டைட்டானிய உறுப்புகள் தேவை; விண்வெளித் துறைக்கு நுண் வால்வுகளும் தெளிப்பான்களும் தேவை. எனினும் ராக்கெட்டின் உறுப்புகள் பெரும்பாலும் வேறு ஊர்களில் உருவாகியே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்றுசேர்கின்றன. தேவை எங்கு உள்ளதோ அங்கேயே உற்பத்தியும் தானாக எழும் என்பது பொருளாதாரத்தில் உறுதியான விதியன்று. இடையில் திறமையும் தரச்சான்றும் நம்பகமும் நிற்கின்றன.

சித்தூர் நகரம் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட பாதையில் உள்ளது. இந்த அமைவிடம் வாய்ப்பாகவும் இடர்ப்பாடாகவும் விளங்குகிறது. இரு நகரங்களின் சந்தையும் எட்டும் தொலைவில் உள்ளது. அதே எளிமையோடு இங்குப் பயின்ற இளைஞர்கள் அம்பத்தூருக்கும் பீனியாவுக்கும் சென்றுவிடவும் முடிகிறது. அவர்களைத் தடுத்து நிறுத்துவது இயலாது, விரும்பத்தக்கதும் அன்று. சொந்த ஊரில் அதற்கு ஈடான வேலை இருந்தால் அவர்களில் ஒரு பகுதியினர் தாமாகவே தங்குவர்.

சிக்கனக் கணக்கு

ஒரு சிறு பட்டறை இம்முறையை ஏற்பது இலாபகரமானதா? விளக்கத்திற்காக மட்டும் சில எண்களைக் கொள்வோம். ஒரு நுண் கட்டரின் விலை ரூ.1,500. வழக்கமான முறையில் அது மூன்று டைட்டானிய உறுப்புகளுக்கு உழைக்கிறது எனில் ஓர் உறுப்புக்குக் கட்டர் செலவு ரூ.500. அதிர்வின் துணையால் ஐந்து உறுப்புகளுக்கு உழைக்குமானால் அச்செலவு ரூ.300 ஆகும், மிச்சம் ரூ.200. பிசிறு நீக்கும் நேரம் 20 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகக் குறைந்தால், மணிக்கு ரூ.300 கூலி வீதத்தில் மேலும் ரூ.60 மிஞ்சும். ஆக, ஓர் உறுப்புக்கு ரூ.260 மிச்சம்.

அதிர்வுத் தொகுதியின் விலை ரூ.6 இலட்சம், ஆயுள் ஐந்தாண்டு எனக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் ரூ.1.20 இலட்சம். பராமரிப்புக்கு ரூ.30,000 சேர்த்தால் மொத்தம் ரூ.1.50 இலட்சம். இதை ரூ.260ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 577 உறுப்புகள் செய்யும்போதுதான் வரவும் செலவும் சமமாகும். ஆண்டுக்கு 300 உறுப்புகளே செய்யும் பட்டறைக்கு இது நட்டம். அத்தகைய மூன்று பட்டறைகள் ஒரு தொகுதியைப் பகிர்ந்துகொண்டால் இலாபம்.

எண்கள் இடத்திற்கு இடம் மாறும். கட்டரின் ஆயுளும் உலோகத்திற்கு ஏற்ப வேறுபடும். ஆனால் அவற்றிலிருந்து எழும் கருத்து மாறாது. இத்தொழில்நுட்பத்தின் பயன் அதன் விலையைவிட அதனைப் பகிரும் அமைப்பைச் சார்ந்திருக்கிறது. தனித்தனியே மானியம் பெற்று ஒவ்வொரு பட்டறையும் ஒரு கருவியை வாங்கி, ஆண்டின் பாதி நாள் உறையிட்டு வைப்பது நாட்டின் முதலீட்டை வீணாக்குவதாகும்.

அறிவு நிலையங்களின் கடமை

நம் நாட்டில் இத்துறைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. பெங்களூரின் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் 1962 முதலும், ஐதராபாத்தின் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968 முதலும் பணியாற்றுகின்றன. ஐதராபாத்தில் 1973இல் நிறுவப்பட்ட மிதானி சிறப்பு உலோகங்களை உற்பத்தி செய்கிறது. கேரளத்தின் சவராவில் 2011இல் டைட்டானியப் பஞ்சு ஆலை இயங்கத் தொடங்கியது. கடற்கரை மணலிலிருந்து உலோகம் வரை உள்ள சங்கிலி உள்நாட்டிலேயே உருவாகி வருகிறது. உலோகத்திலிருந்து நுண் உறுப்பு வரை உள்ள கண்ணியே இனி வலுப்பட வேண்டும்.

திருப்பதியில் 1954இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலோடு 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி. ஏர்ப்பேட்டில் இயங்குகிறது. மத்திய அரசு 2018இல் ஒப்புதல் அளித்த தேசிய இயக்கத்தின்கீழ் நாடெங்கும் அமைந்த 25 தொழில்நுட்ப மையங்களுள் ஒன்று இங்கு உள்ளது. இருப்பிடமறிதல், துல்லியத் தொழில்நுட்பம் ஆகியவை அதற்கு ஒதுக்கப்பட்ட துறைகள். சித்தூர் மாவட்டத்தின் பேட்டமிட்டாவில் தொழில்திறன் பயிற்சி மையம் உள்ளது. ஆராய்ச்சியும் பயிற்சியும் தொழிற்சாலையும் இவ்வாறு ஒரு சில மணி நேரப் பயணத் தொலைவில் அமைவது எல்லா வட்டாரங்களுக்கும் வாய்ப்பதன்று.

செய்யத்தக்கவை

இவ்வாய்ப்பைப் பயனாக்கச் சில படிகள் முறையாக எடுக்கப்பட வேண்டும்.

முதலில் அளவியல். வெட்டிய பள்ளத்தை மைக்ரான் அளவில் அளந்து சான்று தர இயலாத பட்டறைக்கு மருத்துவத் துறையோ விண்வெளித் துறையோ வேலை தராது. எனவே அதிர்வுக் கருவிக்கு முன்னதாக அளவுக் கருவிக்கு இடமளிப்பது முறை.

இரண்டாவதாகப் பொது வசதி மையம். குறு, சிறு நிறுவனங்களின் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு வழியுள்ளது. தள்ளாட்டமற்ற ஸ்பிண்டிலையுடைய இயந்திரங்கள் இரண்டு, அதிர்வு மேசை ஒன்று, அளவுக்கூடம் ஒன்று ஆகியவற்றோடு தொடங்கி, வேலை பெருகுவதற்கேற்ப விரிவாக்கலாம். வாடகை மணிக்கணக்கில் அமைய வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் கணக்கு எழுதுபவராக மட்டும் இல்லாமல், வெட்டிக் காட்டத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பயிற்சி. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மில்லிங் இயந்திரத்தை ஓட்டக் கற்பிப்பதோடு, மேலே கண்டவை போன்ற கணக்குகளையும் கற்பிக்க வேண்டும். தெலுங்கும் தமிழும் வழங்கும் இவ்வட்டாரத்தில் அவ்விரு மொழிகளிலும் கையேடுகள் வெளிவருதல் நன்று. நுண் கட்டர் ஒடிவதற்கு அஞ்சும் ஆசிரியர் மாணவனின் கையில் அதைத் தர மாட்டார். ஆகவே பயிற்சிக்கென ஒடியத்தக்க கட்டர்களுக்கும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் வேண்டும்.

நான்காவதாக முதல் வேலை. எந்தப் புதுத் தொழிலுக்கும் முதல் வாடிக்கையாளரே அரிது. பொதுத்துறை மருத்துவமனைகளும் ஆய்வு நிலையங்களும் உயிருக்கு ஆபத்தில்லாத சோதனை உறுப்புகள், கருவிப் பிடிகள், அளவு மாதிரிகள் போன்றவற்றை உள்ளூர்ப் பட்டறைகளிடமிருந்து தரக்கட்டுப்பாட்டோடு பெற்றுத் தொடங்கலாம். உடலுக்குள் பொருத்தப்படும் உறுப்புகளுக்குரிய சட்டச் சான்றுகளைப் பெறுவது அதற்கடுத்த நிலை. அதில் அவசரம் கூடாது.

மீயொலி அதிர்வு ஒரு மந்திரக்கோல் அன்று. நல்ல இயந்திரமும் சரியான கணக்கும் தேர்ந்த கையும் உள்ள இடத்தில் அது கட்டரின் ஆயுளைக் கூட்டும், பிசிறைக் குறைக்கும், அடங்காத உலோகத்தை ஓரளவு அடக்கும். அவை இல்லாத இடத்தில் அது மற்றுமொரு இறக்குமதிப் பெட்டியாகவே இருக்கும். திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் தேவையும் அறிவு நிலையங்களும் அருகருகே அமைந்துள்ளன. இவற்றுக்கிடையே நிற்கும் சிறு பட்டறைக்குக் கருவியைப் பகிரும் அமைப்பையும், அளந்து காட்டும் ஆற்றலையும் அளிப்பதே திட்டமிடுவோர் இப்போது மேற்கொள்ளத்தக்க பணியாகும்.